நூறு சதவீதம் பருத்தி

அலமாரியில் இருந்த துணி அத்தனையையும் கட்டிலில் வாரிப்போட்டும் நார்மனுக்கு அந்தப் பச்சை கவுன் அகப்படவில்லை. மகள் ட்ரேசி திங்கட்கிழமை செத்தாள். உடுத்த ஏதாவது சாயங்காலத்துக்குள் கொண்டுவாருங்கள், எரிப்பதால் பருத்தியாக இருக்கட்டும் என்று இறுதிச் சடங்குக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்தப் பச்சைதான் பருத்தி. அவளுக்குப் பிடித்ததும் அதுதான்.

பேத்தி கீலி கதவருகில் வந்து நின்றாள்.

"தேடாத தாத்தா. அத நான் வெட்டிட்டேன்."

"எத?"

"கவுன. பரீட்சைக்கு."

கீலி ஹாலிஃபாக்ஸில் பிளஸ் டூ மாதிரியான சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரியில் துணி வடிவமைப்பு படிக்கிறாள். துணி வெட்டுவதற்கு ஒரு பரீட்சை என்பதை நார்மன் என்றைக்கும் நம்பியதில்லை. ஏமாற்று வேலை என்றுதான் நினைத்திருந்தார்.

"உங்கம்மாகிட்ட கேட்டியா?"

"ஆஸ்பத்திரில இருந்தாங்க. வீட்டுக்கு வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

நார்மன் கார் சாவியை எடுத்தார்.

கல்லூரியில் டீச்சர் மிஸஸ் ஃபார்ரோ அறையைத் திறந்துவிட்டாள். கவுன் பலகையில் ஊசி குத்தி மாட்டியிருந்தது. கைகள் இரண்டும் இல்லை. மார்பில் சூடு வைத்துப் பொசுக்கிய ஓட்டைகள். ஓட்டைக்கு ஓட்டை சிவப்பு நூல் ஓடியது.

"ஜூன்ல பரீட்சை மார்க்கைச் சரிபார்க்க வெளியிலருந்து ஆள் வர்ற வரைக்கும் இது வெளிய போகக் கூடாதுங்க. போனா அவளுக்கு மார்க் கிடையாது. லீட்ஸ் யுனிவர்சிட்டி சீட்டும் போயிடும்."

"அது என் மக கவுனு."

"புரியுதுங்க."

"உங்களுக்கு என்னம்மா புரியும். அடுத்தவன் வீட்டுத் துணியப் பூட்டி வச்சுக்கிட்டுச் சட்டம் பேசறீங்க."

மிஸஸ் ஃபார்ரோ சாவியை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ சொல்லு," என்றார் நார்மன் பேத்தியிடம். "எடுத்துக்கிட்டுப் போலாமா?"

கீலி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையே இல்ல தாத்தா. எப்படிப் போடுவாங்க?" பிறகு மெதுவாக, "எனக்கு அந்த மார்க் வேணும்."

நார்மன் தொப்பியை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். வேறு பருத்தி உடுப்பு வாங்கக் காரைத் திருப்பினார்.

சூப்பர்மார்க்கெட்டில் கீலி ஒவ்வொரு உடுப்பையும் உள்பக்கம் திருப்பி விலாத் தையலில் இருந்த லேபிளைப் படித்தாள். "பாலியெஸ்டர். பாலியெஸ்டர். இதுல பாதி நைலான்."

"நிம்மதியா எரியக்கூட விடமாட்டானுங்க."

கடைசியில் ஒரு வெள்ளை நைட்டி. நூறு சதவீதம் பருத்தி.

"உங்கம்மா இவ்வளவு குண்டா?"

"முன்னாடி இருந்தாங்க."

இறுதிச் சடங்குக் கடையில் கடைக்காரர் கிரெய்க் நைட்டியை உதறிப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. ஒடம்பு வெறச்சுப் போயிருக்கு, தல வழியா மாட்ட முடியாது. கழுத்துலருந்து அடிவரைக்கும் முதுகுப் பக்கம் வெட்டித்தான் போர்த்துவோம். முன்னாலருந்து பாத்தா தெரியாது."

அவர் கத்தரியை எடுத்தார். கீலி கையை நீட்டினாள்.

"நான் வெட்டறேன்."

கிரெய்க் நார்மனைப் பார்த்தார். நார்மன் தலையாட்டினார்.

அவள் நைட்டியை மேசையில் குப்புற விரித்து நீவிவிட்டாள். நடுமுதுகில் இழை ஓடும் திசையை நகத்தால் தேடினாள்.

"தாத்தா, அந்த ஓரத்தப் பிடி. இழுக்காத, சும்மா பிடி."

தொப்பியை வைக்க இடம் தேடினார் நார்மன். கிடைக்கவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தார்.