ஏழாவது கறுப்புப் பொத்தான்

லிப்ட் பழுது பார்ப்பவரை எல்லோரும் 'லிப்ட்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணா என்று கூப்பிட ஒரே ஒருத்தி இருந்தாள், அதுவும் விளையாட்டில்.

ஞாயிறு மதியம் தையல் கடையின் பின்னறையில் நாலு பேர் கூடுவார்கள். தையல்காரர் கதை சொல்வார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேடம் போட்டுப் பகடை உருட்டுவார்கள். பேக்கரிக்காரர் திருடன். லிப்ட்காரர் மந்திரவாதி. மருந்துக்கடைப் பெண் அவருடைய தங்கை, வில்லாளி.

விளையாட்டில் ஒரு விதி: இருள் மந்திரம் சொன்னால் பகடையே வேண்டாம், நினைத்தது நடக்கும். ஆனால் சொன்னவர் முன்னால் இருக்கும் தம்ளரில் ஒரு கறுப்புப் பொத்தான் விழும். ஏழு சேர்ந்தால் அந்த வேடம் இருளுக்குச் சொந்தம்; உறவெல்லாம் மறந்துபோகும், அப்புறம் அதைத் தையல்காரர்தான் ஆட்டுவிப்பார்.

நம்மவர் தம்ளரில் ஆறு. எதற்காக என்கிறீர்கள்? ஒன்று, பூட்டைத் திறக்க. சாவி திருடனின் பையிலேயே இருந்தது. இன்னொன்று, சத்திரக்காரனின் மீசையைப் பொசுக்க. மற்றதும் இந்த லட்சணம்தான். கைதட்டினார்கள், மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வாரம் முழுக்க லிப்ட் குழிக்குள் இரும்புக் கயிறோடு பேசுகிறவர், பாவம், வேறென்ன செய்வார்?

ஒரு ஞாயிறு, கதையில் பாலம் அறுந்தது. தங்கை பள்ளத்தின் விளிம்பில் தொங்கினாள். பகடை கைவிட்டது.

"அண்ணா, கைய விட்ராத!"

பொத்தானைப் போட்டால் அந்த 'அண்ணா' போய்விடும். போடாவிட்டால் அவளே போய்விடுவாள்.

"இந்த ஒரு தடவை பொத்தானைக் கண்டுக்காம விட்டுடலாமா?" என்றார் தையல்காரர், மெதுவாக.

லிப்ட்காரருக்குச் சபலம் தட்டத்தான் செய்தது. ஆனால் ஒரு மீசைக்கே விலை கொடுத்தாயிற்று. தங்கைக்கு இல்லையென்றால் எப்படி?

"வேண்டாம்," என்று பொத்தானைப் போட்டார்.

அவள் பிழைத்தாள். தையல்காரர் மந்திரவாதியைத் தன் வசம் எடுத்துக்கொண்டு, கரகரத்த குரலில் அவளைக் கேட்டார்: "யாரு நீ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த வாரம் அவருக்குக் குழிக்குள் வேலையே ஓடவில்லை. தனியாக இருப்பது பழகியதுதான். இந்தத் தடவை வலித்தது.

அடுத்த ஞாயிறு புது வேடத்தோடு வந்தார். மந்திரம் தெரியாத மீனவன், காலித் தம்ளர். வில்லாளி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருங்க நீங்க?"

"மீன் பிடிக்கிறவன். எங்க கிளம்பிட்டீங்க எல்லாரும்?"

"எங்க அண்ணன் காணாம போயிட்டான். தேடிப் போறோம்." அவள் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்ககிட்ட படகு இருக்கா?"

லிப்ட்காரர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இருக்கு," என்றார். "ஏறுங்க."