ஏழாம் தொட்டியின் கடல் பேனா

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு துப்புரவுப் பணியாளரின் வேலையைப் பறிக்கத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். வேலை போனால் கதை கனமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு.

முதல் வரி: ‘கடல் பேனா செத்த அன்று மழை...’ வேண்டாம். மழையும் இல்லை, அது சாகவும் இல்லை.

2

கடலுயிர்க் காட்சியகம். காலையில் காப்பாளர் ஏழாம் தொட்டியை எட்டிப் பார்த்தாள். வெறும் மணல். இறகுப் பேனாவை நட்டுவைத்ததுபோல் மூன்று நாளாக நின்ற கடல் பேனாவைக் காணோம். முந்தின நாள் உறிஞ்சு குழாய் போட்டு அந்த மணலைச் சுத்தம் செய்தது துப்புரவு அக்கா.

“அக்கா, குழாயோட இழுத்துட்டீங்களா?”

“ஐயோ, மூலையை மட்டுந்தாம்மா சுத்தம் பண்ணேன். சத்தியமா!”

அக்கா அந்தப் பக்கம் போனதும் மேலாளர் சிரித்தார். “பவளம் என்ன, எழுந்து நடந்து போயிருக்குமா? புகார் எழுதிக் குடும்மா, அவங்கள அனுப்பிடலாம்.”

(இடையில் ஒரு வார்த்தை: கடல் பேனா செடியல்ல, விலங்கு. ஜெல்லி மீனுக்குத் தூரத்துச் சொந்தம், மென்பவளத்துக்கு நெருங்கின சொந்தம். பார்க்க ஒன்று, உண்மையில் கூட்டுக் குடும்பம். மூத்தது தன் கைகளை இழந்து தண்டாகி மணலில் ஊன்றிக்கொள்ளும். அதன்மேல் முளைத்ததுகள் எட்டெட்டுக் கைகளால் இரை பிடித்துக் குடும்பத்துக்கே ஊட்டும்.)

காப்பாளர் பத்து வருஷம் பவளங்களோடு பழகியவள். பவளம் வைத்த இடத்தில் இருக்கும். சொந்தக்காரனுக்கும் அதே குணம் என்று நினைத்துவிட்டாள். கடிதம் எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

3

‘அக்கா தலைகுனிந்து வாசலைத் தாண்டும்போது...’ சே, மனசு வரவில்லை.

கடிதத்தைக் கொடுக்கப் போகுமுன் காப்பாளர் தொட்டியைக் காலிசெய்யக் குனிந்தாள். மணல் லேசாக மேடு தட்டியது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு மொட்டு எட்டிப் பார்த்தது. கடல் பேனா தன் உடம்பின் தண்ணீரை வெளியே விட்டுச் சுருங்கி மணலுக்குள் போயிருந்தது, இப்போது தண்ணீர் குடித்து உப்பி, கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

“அடிப்பாவி! உள்ளதான் இருந்தியா?”

அழுகையும் சிரிப்புமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா! எனக்கும்தான்.

4

அக்கா ஓடிவந்தார். “வந்துடுச்சா! நீங்க என்னைச் சந்தேகப்படலன்னு எனக்குத் தெரியும்மா. சும்மா கேட்டீங்க, அவ்ளோதானே?”

காப்பாளரின் கை சட்டைப் பைக்குப் போனது.

கடிதத்தை எடுத்துக் காட்டி மன்னிப்புக் கேட்பதாக எழுதினேன், அடித்தேன். சத்தமில்லாமல் கிழித்துப் போடுவதாக எழுதினேன், அதையும் அடித்தேன். அக்காவின் வேலை தப்பியதே எனக்குப் போதும். முதல் வரியிலேயே அவரை வீட்டுக்கு அனுப்ப நினைத்தவன் நான். காப்பாளருக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நீங்கள் சொல்லுங்கள். அவள் கை இன்னும் பைக்குள்தான் இருக்கிறது.