ஈர நெல்லுக்கு மேலே இரண்டு இறக்கைகள்

ஜாஹித் கொட்டகை வாசலில் ஷூவைக் கழற்றினான்.

"ஷூவோட வாடா. இது என்ன பள்ளிவாசலா?" என்றான் இளம்பரிதி.

"சார்ஜால எங்க ஹேங்கர்ல ஒரு ஸ்க்ரூ காணாமப்போனா மூணு பேரு கையெழுத்துப் போடணும். இங்க என்னடான்னா கோழி மேயுது."

இளம்பரிதி கோழியை விரட்டிவிட்டு விளக்கைப் போட்டான். இருவரும் தஞ்சாவூரில் ஒன்றாக மெக்கானிக்கல் படித்தவர்கள். ஜாஹித்துக்குக் கூத்தாநல்லூர். பத்து வருடமாக வளைகுடாவில் விமானப் பராமரிப்பு வேலை. ஒரு மாத லீவில் வந்தவனை, இறக்கைகளை ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இளம்பரிதி கூப்பிட்டிருந்தான்.

கீழ்வேளூரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, வாய்க்காலை ஒட்டிய தகரக் கொட்டகை. மாமனார் தங்கையனுடையது. நடுவில் விமானம் நின்றது. ஓர் ஆள் உட்காரலாம். இரும்புக் குழாய்க் கூடு, இரண்டு சிலிண்டர் எஞ்சின். இறக்கைகள் பூட்டப்படவில்லை. சுவரோரம் அடித்த சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன.

கூடும் எஞ்சினும் அவன் வேலை. இறக்கைகள் அவன் மனைவி செம்மொழியின் வேலை. பதினான்கு மாதம் அவள் சட்டம் சீவினாள், பிளைவுட்டில் இறக்கையின் விலாக்களான ரிப்புகள் அறுத்தாள், எப்பாக்சி பசை கலந்து ஒட்டினாள். மேலே துணி போர்த்தி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, தவில் தோல்போல இறுக்கினாள்.

புரட்டாசியில் மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் அவள் இல்லை.

இது மாசி. இந்த ஐந்து மாதமும் இளம்பரிதி பாலிடெக்னிக்குக்குப் போனான், பாடம் எடுத்தான், வந்தான். மாமியார் அம்சம் போட்டதைச் சாப்பிட்டான். இறக்கை நன்றாக இருந்தால் அனுமதிக்கு எழுதிப்போடலாம். ஆடிக்குள் மேலே போய்விடலாம். அந்த ஒன்றைத் தவிர அவனுடைய நாட்களுக்கு முன்னால் எதுவும் இருக்கவில்லை.

ஜாஹித் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, மேலே இருந்த இறக்கையின் பிளைவுட் விளிம்பில் தட்டிக்கொண்டே நடந்தான். வாசல் பக்கத்து முனையில் டக், டக் என்று கணீரென்று கேட்டது. நடுப்பகுதிக்கு வந்ததும் சத்தம் செத்துப்போனது. அவன் நின்று திரும்பத் தட்டினான். பிறகு துணியை விரலால் அமுக்கினான். துணி அமுங்கிய இடத்திலேயே நின்றது.

"எப்படா வச்ச இதை இங்க?"

"கட்டுனதுலேர்ந்து இங்கதான்."

"கீழ என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல." அப்புறம் சொன்னான். "ஐப்பசில நெல்லு இருந்துச்சு."

குறுவை அறுத்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் குத்திப் பார்த்து ஈரப்பதம் இருபத்தொன்று என்றார்கள். பதினேழுக்கு வந்தால்தான் எடுப்பார்கள். மாமனார் நெல்லைக் கொண்டுவந்து இறக்கைகளுக்கு அடியில் கொட்டினார். வேறு இடம் இல்லை. செம்மொழி போய் முப்பது நாள்கூட ஆகவில்லை. கூரை ஒழுகியது, தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது. இளம்பரிதி அதை இறக்கைகளுக்கு மேலே விரித்து, அப்படியே கீழே இழுத்து, நெல்லையும் சேர்த்து மூடினான். எல்லாம் நனையாமல் இருக்கும் என்று நினைத்தான். நினைத்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. கை செய்தது.

ஜாஹித் தலையில் கை வைத்துக்கொண்டான். "இட்லிப் பானைல வச்சிருக்கடா. எத்தன நாளு?"

"பதினெட்டு."

"அறுத்துப் பாத்துரலாமா?"

இளம்பரிதி பிளேடை வாங்கிக்கொண்டான். அவள் ரிப்போடு சேர்த்துத் தைத்திருந்த நூல் முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டினான். வரிசையாக இருபத்தாறு முடிச்சு. துணியை உரித்தபோது மூன்று ரிப்புகள் துணியோடு சேர்ந்து வந்துவிட்டன. மூடிக் கிடந்த ஈர நெல் கிளப்பிய சூட்டில் பசை இளகியிருக்கிறது. இறுகிய துணி அவற்றைப் பிடுங்கிவிட்டது. இறக்கையின் நீளத்துக்கு ஓடும் ஸ்பார் என்ற முதுகுக்கட்டை, ஏழு பட்டைகளை ஒட்டிச் செய்தது. ஜாஹித் அதன் நடுவில் ஸ்கேலைச் செருகினான். பட்டைகளுக்கு நடுவே அது வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

கீழ் இறக்கையையும் பார்த்தார்கள். அது இன்னும் மோசம்.

"போச்சுடா," என்றான் ஜாஹித். "ரெண்டும்."

"திரும்ப ஒட்டுனா?"

"ஒட்டாது. புதுசாக் கட்டணும்."

"யாரு?"

ஜாஹித் ஸ்கேலைப் பையில் வைத்தான். "ஒண்ண ஆகாதுன்னு கழிச்சாச்சுன்னா அறுத்துப் போட்டுடணும். எங்க வேலைல அதான் முறை. முழுசா இருந்தா என்னைக்காவது ஒருத்தன் எடுத்து மாட்டிடுவான்."

"இங்க யாரு மாட்டப் போறா?"

"நீதான். நான் பிளைட் ஏறுனதும் பசை வாங்கிட்டு வந்து ஒட்டுவ. வுழுந்தாலும் பரவால்லன்னு ஏறுவ. உன்ன எனக்குத் தெரியாதா?"

இளம்பரிதி பிளேடைத் துடைத்தான்.

தங்கையன் டீத் தூக்கோடு உள்ளே வந்தார். வரப்பில் நடந்த சேறு கணுக்கால் வரை இருந்தது. "வாங்க தம்பி, எப்ப வந்தீங்க? டீக்கடைல ஒரே கேலி. தங்கையா, ஒன் மருமவன் ஏரோப்பிளேன் ஆடிக்கா, இல்ல அடுத்த ஆடிக்காங்குறானுவ. உங்க அத்த வேற அய்யனாருக்கு வேண்டிக்கிட்டிருக்கா. ஆடிக்குக் கெளம்பிரும்ல மாப்ள?" பேசிக்கொண்டே வந்தவர் உரித்த துணியைப் பார்த்து நின்றார். "ஏன் பிரிச்சிட்டீங்க?"

"பறக்காது மாமா. பசை விட்டுருச்சு. பழைய சரக்கு. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

ஜாஹித் தரையைப் பார்த்தான்.

"எந்தப் பசை? செம்மொழி ஒட்டுனதா?" தங்கையன் தூக்கைக் கீழே வைத்தார். "அது எப்படி விடும்? ஒவ்வொரு தடவ கலக்கும்போதும் ரெண்டு துண்டு கட்டைய ஒட்டி வைக்கும். மறுநாளு என்னக் கூப்புட்டு, மிதிச்சு ஒடைங்கப்பாங்கும். நாந்தான மாப்ள அம்புட்டையும் ஒடச்சேன்? மரந்தான் ஒடஞ்சுது. ஒட்டு ஒண்ணுகூட விடல. விட்டா கலவையவே கொட்டிருவேன்னு சொல்லும்."

தங்கையன் சட்டத்துக்கு அடியில் குனிந்தார். சுவரில் இடுப்பு உயரத்துக்கு நெல் அம்பாரத்தின் கறை பழுப்பாக ஓடியது. அதற்கு மேலே சட்டம், அதில் இறக்கை. அவர் கறையை உள்ளங்கையால் தொட்டார்.

"நெல்ல அள்ளும்போது உள்ள கை வைக்க முடியல," என்றார். "வெந்து கெடந்துச்சு."

"தார்ப்பாயப் போட்டு மூடுனது நான் மாமா."

"கொட்டுனது யாரு?"

தங்கையன் சுவரைப் பார்த்தபடியே அங்கேயே உட்கார்ந்துவிட்டார். டீயை யாரும் ஊற்றவில்லை. கடைசியில் அவர்தான் கேட்டார். "இத என்ன செய்யணும்?"

ஜாஹித் சொன்னான். அறுக்க வேண்டும், ஒரு ஸ்பாருக்கு மூன்று இடத்தில்.

தங்கையன் எழுந்துபோய் கைவாள் கொண்டுவந்தார். இளம்பரிதி வாங்க நீட்டிய கையில் அதைக் கொடுத்துவிட்டு, ஸ்பாரின் மறுமுனையைத் தன் தொடையில் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

நடுவில் அறுக்கையில் பட்டைகள் தனித்தனியாகப் பிரிந்து விழுந்தன. அறுக்கவே தேவையிருக்கவில்லை. மூன்றாவது இடம் வாசல் பக்கத்து முனை. அங்கே தார்ப்பாய் எட்டவில்லை. ஆவியும் எட்டவில்லை. வாள் சிக்கியது. ஏழு பட்டையும் ஒரே கட்டையாக நின்றன. நடுவே பசைக்கோடுகள் தேன் நிறத்தில், முடி அளவுக்குத் தெரிந்தன.

"இது நல்லாருக்கே தம்பி," என்றார் தங்கையன்.

"நல்லாத்தான் இருக்கு மாமா," என்றான் ஜாஹித். "தனியா இத வச்சிக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது."

இளம்பரிதி காலை அகட்டி நின்று திரும்ப இழுத்தான். தங்கையன் பிடியை இறுக்கினார். அந்த ஒரு வெட்டுக்கு மட்டும் அரைமணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் இன்னொரு இறக்கையை இறக்கி வைத்தார்கள்.