குருவம்மாள் செருகிய வேப்பங்கொத்து

"ஏலே, அந்தக் கொத்துல கைய வச்சே, ஆத்தா ஒன்னச் சும்மா விடமாட்டா!" என்று கத்தினாள் குருவம்மாள்.

"ஆத்தா எங்க வந்தா? நீங்கதான் வந்து நிக்கிறிய!" தனுஷ்கோடி வேப்பங்கொத்தைப் பிடுங்கித் தெருவில் எறிந்தான்.

ராஜபாளையத்தில் நாங்கள் குடியிருக்கும் நான்கு லைன் வீடுகளும் குருவம்மாளுடையவை. உள்ளே இருக்கும் உடம்புகளும் தன்னுடையவை என்று அவளுக்கு நினைப்பு. தனுஷ்கோடியின் மனைவி பாண்டிசெல்விக்கு வாயெல்லாம் புண்ணாகி, முதுகில் நீர்க்கொப்புளங்கள் கிளம்பியதுமே அம்மை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மதுரை டாக்டர் சொன்னதோ வேறு. உடம்பே தன் தோலை எதிரியென்று எண்ணித் தாக்கும் அபூர்வ நோயாம். யாருக்கும் ஒட்டாது, மாத்திரையை மட்டும் ஒருநாளும் நிறுத்தக் கூடாது. தனுஷ்கோடி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கதவில் ஒட்டினான். தெருவில் அதைப் படித்தது நான் ஒருத்திதான். அடுத்த வீட்டுக் கதவில் இருப்பதைப் படிக்காமல் எனக்குச் சோறு இறங்காது.

அவன் ஷிப்டுக்குப் போன நேரம் பார்த்துக் குருவம்மாள் உள்ளே போனாள்.

"மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் மாத்திர கூடாதுட்டி. திம்பேன்னா வீட்டக் காலி பண்ணு."

வீடு போய்விடுமே என்ற பயத்தில் பாண்டிசெல்வி புருஷனுக்குத் தெரியாமல் மாத்திரைகளை அரிசி டப்பாவில் ஒளித்தாள். ஒன்பதாம் நாள் முதுகுத் தோல் பாயோடு உரிந்து வந்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. ஆறு வருஷமாக மில்லில் பேண்டேஜ் துணி மடித்தவளை அதே துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

தனுஷ்கோடி கொத்தைப் பிடுங்கி எறிந்த அன்றுதான் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கினாள். வாசலில் புதுக் கொத்து!

"அம்மக்காரி என் வீட்டுக்குள்ள நுழையப்படாது!"

பாண்டிசெல்வி சத்தம் போட்டு நாங்கள் கேட்டதில்லை. அன்று கேட்டோம். "தெனம் தொட்டுக் கட்டுப்போட்ட நர்சுக்கு ஒரு கொப்புளம் வரல. ஒரே பாயில படுத்த இவியளுக்கும் வரல. என்னயக் கொல்லப் பாத்தது நோவு இல்ல அத்த, நீங்க!"

முந்தானையால் மூக்கை மூடி நின்ற நாங்கள் மெதுவாகக் கையை இறக்கினோம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மற்ற நாட்களில் நாங்கள் மூடியதே கிடையாது.

அந்த வாரமே இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடி போனார்கள். மாத்திரை நிற்கவில்லை, கொப்புளங்கள் அடங்கி வருகின்றனவாம். ஆவணியில் குருவம்மாள் மகள் வெங்கடேஸ்வரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மருந்துக்கடை. இப்போது மாமியார் தும்மினால்கூட மருமகனிடம்தான் மாத்திரை.

அந்த வீடு மட்டும் காலியாகக் கிடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் தெருமுனையிலேயே திரும்பிவிடுகிறார்கள். அம்மை வந்த வீடாம். ஊர் முழுக்கச் சொல்லி வைத்தவள் குருவம்மாள்தானே!