இரண்டாவது ரியூப்

எமிலியின் முழங்கை மடிப்பில் தோல் தெளிந்துவிட்டது. அதைக் கண்ட நாளிலிருந்து ஞானசவுந்தரிக்கு வயிறு எரிந்தது. மச்சாளின் பிள்ளை சுகப்பட்டால் சந்தோசப்பட வேண்டியதுதானே? வேண்டியதுதான். ஆனால் தன் பிலோமினா சொறியாமல் இருக்கக் கைக்குக் காலுறை மாட்டிக்கொண்டு, சட்டைக் கையில் நீர் ஊற நிற்கும்போது, பக்கத்து வீட்டு முற்றத்தில் எமிலி கையில்லாச் சட்டையோடு துள்ளினால் எந்தத் தாய்க்குத்தான் மனம் குளிரும்?

எமிலியின் தாய் மேரிஜோசப்பின், ஞானசவுந்தரியின் புருசன் பஸ்ரியாம்பிள்ளைக்குத் தங்கை. ஞானசவுந்தரி ஊர்காவற்றுறைக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து பார்க்கிறாள், மேரிஜோசப்பினுக்கு எல்லாமே ஒரு பிடி கூடத்தான். அவளுடைய மாப்பிள்ளைக்கு எஞ்சின் பூட்டிய வள்ளம். அந்த வள்ளத்தில் கூலிக்குப் போகிறவன் பஸ்ரியாம்பிள்ளை. கோயில் பாட்டுக் குழுவில் அவளுக்கு முன்வரிசை. போகட்டும், அதையெல்லாம் ஒருமாதிரிச் சகித்தாயிற்று. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே கரப்பன் வந்தபோது, மாதாவே மன்னியும், ஞானசவுந்தரிக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது.

எண்பத்திநாலாம் ஆண்டு மாரி கழிய, இந்தத் தோல் வருத்தத்தை ஆராய யாழ்ப்பாணத்திலிருந்து டொக்டர் மீனாம்பிகை வந்தார். கோயில் மண்டபத்தில் தாய்மாரை இருத்திப் பிள்ளைகளிடம் இரத்தம் எடுத்தார்.

“நண்டு, இறால் ஒண்டும் குடுக்கிறேல்ல, டொக்டர். கத்தரிக்காய்கூட விலக்கித்தான் வச்சிருக்கிறன். பிறகும் ஏன்?” என்று ஞானசவுந்தரி கேட்டாள்.

“சாப்பாடு மட்டும் காரணமில்லை, அம்மா. எங்கட இரத்தத்தில காவலாளியள் மாதிரிச் சில அணுக்கள் இருக்கு. கிருமி வந்தால் அடிச்சுக் கலைக்கிறது அதுகளின்ர வேலை. இந்தப் பிள்ளையளில அதுகள் சும்மா வாற தூசியையும் எதிரியெண்டு நினைச்சுச் சண்டை பிடிக்குதுகள். அந்தச் சண்டையிலதான் தோல் வெடிக்குது. சண்டையை அடக்க ஏலுமோ எண்டுதான் இந்தப் புது மருந்தைப் பாக்கிறம்.”

பிறகு தோலில் பூச வெள்ளை ரியூப்கள் கொடுத்தார். பெயரில்லை, ஒட்டிய துண்டில் இலக்கம் மட்டும். சிலதில் மருந்து, சிலதில் வெறும் களிம்பு. எது எதென்று டொக்டருக்கே தெரியாதாம். அந்த விபரம் அரக்கு வைத்த உறைக்குள் இருக்கிறதாம், எல்லாம் முடியத்தான் உடைப்பாராம். முதல் ரியூப் முடிய இரண்டாவது ரியூப் வரும். எந்தப் பிள்ளைக்கு மருந்து வேலை செய்கிறதோ அந்தப் பிள்ளைக்குப் பிறகு வருசம் முழுக்க மருந்து கிடைக்கும்.

கடற்கரைப் பெண்களுக்கு இதில் என்ன புதினம்? கரைவலை மீனைக் கூறு போட்டால், ஒருவன் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று எந்தக் கூறு யாருக்கென்று பெயர் சொல்லுவான். பார்க்காமல் சொல்வதால் சண்டை இல்லை. விழுந்தது விழுந்ததுதான், பிறகு மாறாது. ஞானசவுந்தரி டொக்டரின் கதையையும் அப்படித்தான் விளங்கிக்கொண்டாள். முதல் ரியூப்பிலேயே எமிலிக்குத் தெளிந்ததைப் பார்த்தால், மருந்துக் கூறு மேரிஜோசப்பினுக்கு விழுந்துவிட்டது, களிம்புக் கூறு தனக்கு. கடைசிவரைக்கும் அதுதான்.

இரண்டாவது ரியூப் கொடுத்த அன்று பின்னேரம், தன் ரியூப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, உப்புக் கேட்கிற சாட்டில் மச்சாள் வீட்டுக் குசினிக்குள் போனாள். மேரிஜோசப்பின் கிணற்றடியில் பிள்ளையை முழுகவார்த்துக்கொண்டிருந்தாள். எமிலியின் ரியூப் அலுமாரித் தட்டில் கிடந்தது. அவளுக்குத்தான் எல்லாம் இருக்கிறதே, இது ஒன்றாவது என் பிள்ளைக்கு இருக்கட்டும். ஞானசவுந்தரி ஈரத்துணியால் இரண்டு இலக்கத் துண்டுகளையும் கிளப்பி மாற்றி ஒட்டினாள். தன் ரியூப்பைத் தட்டில் வைத்துவிட்டு எமிலியுடையதைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

“உப்புக் கொஞ்சம் எடுத்தனான், மச்சாள்.”

“அதுக்கென்ன கேள்வி? பிலோவுக்கு ரெண்டு முட்டை வச்சிருக்கிறன், அதையும் கொண்டுபோம்.”

முட்டையும்! அதுதான் மேரிஜோசப்பின். கொடுத்துக் கொடுத்தே மனிசரைச் சின்னனாக்கிவிடுவாள்.

ஞானசவுந்தரி காலையிலும் பூசினாள், மாலையிலும் பூசினாள். பிலோமினாவின் தோல் அப்படியே வெடித்துக் கிடந்தது. எமிலியின் கையிலோ ஒரு பொட்டு இல்லை. வெறும் களிம்பைப் பூசியும் இவளுக்கு எப்படித் தெளிகிறது? மருந்துகூட அந்த வீட்டுப் பக்கம்தான் நிற்குமோ என்று ஞானசவுந்தரி பல்லைக் கடித்தாள்.

கடைசி நாள் மண்டபத்தில் டொக்டர் உறையை உடைத்தார். தாளையும் இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரு பிள்ளையும் மருந்தில்லாமல் போகக்கூடாது எண்டு ரெண்டாந்தரம் எல்லாருக்கும் மாத்தித்தான் குடுத்தது,” என்றார். “முதல்ல மருந்து பூசின பிள்ளைக்குப் பிறகு களிம்பு. முதல்ல களிம்பு பூசின பிள்ளைக்குப் பிறகு மருந்து. எமிலி களிம்போடயும் தெளிவாத்தான் இருக்கிறா. தானாச் சுகம் வந்திட்டுது போல, இனி மருந்து தேவையில்லை. பிலோமினாவுக்கு மருந்து பூசியும் ஒண்டும் மாறேல்ல. அவவின்ர வருத்தம் வேற வகையாக்கும். இந்த மருந்து அவவுக்குச் சரிவராது, அம்மா.”

ஞானசவுந்தரிக்கு அப்போதுதான் விளங்கியது. மாறித்தான் வந்திருக்கிறது. சும்மா இருந்திருந்தால் பிள்ளைக்கு மருந்து தன்பாட்டில் வந்திருக்கும். தன் கையாலேயே அதைக் கொண்டுபோய் மச்சாள் வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள், பாவி.

வாயைத் திறந்தால் கள்ளி என்ற பெயர். திறக்காவிட்டால் பிலோமினாவுக்கு இந்த மருந்து இனி இல்லை. இதற்கிடையில் இன்னொரு நினைப்பும் ஓடியது: சொன்னால் எமிலிக்கும் அல்லவா மருந்து கிடைத்துவிடும்? அந்த நினைப்பில் அவளுக்கே தன்மேல் அருவருப்பு வந்தது. பிலோமினா தாயின் சேலையில் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சிணுங்கினாள்.

“ரியூப்பை மாத்தினது நான்தான், டொக்டர்,” என்றாள் ஞானசவுந்தரி. “மச்சாளுக்குத் தெரியாது.”

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “அப்ப இந்த ரெண்டு பிள்ளையளையும் ஆராய்ச்சியில சேர்க்க ஏலாது,” என்றார். ஏசவில்லை, குரல்தான் களைத்திருந்தது. “மருந்து ரெண்டு பேருக்கும் வேணும். இப்ப என்னட்ட மிச்சம் ஒரு ரியூப்தான் இருக்கு.”

“பிலோவுக்குக் குடுங்கோ,” என்றாள் மேரிஜோசப்பின். “அந்தப் பிள்ளை என்ன பிழை செய்தது?” பிறகு எமிலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினாள். “கேட்டிருந்தால் நானே தந்திருப்பன், மச்சாள்.”

தந்திருப்பாள். ஞானசவுந்தரிக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவள் கேட்கவில்லை.