முப்பத்தொரு வரி

காலையில் அவள் பத்தே நிமிடத்தில் மென்பொருளில் இருந்த பிழையைப் பிடித்துத் திருத்திவிட்டாள். ரத்த வங்கியின் குளிர்பெட்டிகளில் சூடு ஏறினால் அடிக்க வேண்டிய எச்சரிக்கை மணி நேற்றிலிருந்து ஊமையாகக் கிடந்தது. ஒரே ஒரு வரியை மாற்றினால் தீர்ந்தது. அந்த வரியோடு மென்பொருளின் துண்டுகளான நாற்பத்திரண்டு மாட்யூல்களையும் சேர்த்து, ஓடக்கூடிய ஒரே தொகுப்பாக பில்ட் பண்ணி அனுப்புவதுதான் பாக்கி. ஆனால் மதியம் தாண்டியும் பில்ட் ஓர் அங்குலம் நகரவில்லை.

அங்கே ரத்த வங்கியில் வேலை பார்க்கும் அவளுடைய நாத்தனார், விடிந்ததிலிருந்து பதினெட்டுப் பெட்டிகளின் வெப்பமானிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மூன்றாவது முறையாக போன் செய்தாள்.

"அண்ணி, எனக்குக் கண்ணே பூத்துப்போச்சு. ஆறு மணிக்கு மேல ஒரே ஒரு ஆள்தான் இங்க. ஒரு பெட்டி சூடாகி அவரு கவனிக்காம விட்டா, அத்தனையும் போச்சு."

தொல்லை பெரியவர் செத்ததில் ஆரம்பித்தது. பெரியவர் என்பது அலுவலக மூலையில் ஆறு வருடமாக அணையாமல் உறுமிக்கொண்டிருந்த கணினி. அந்த ஜாவா மென்பொருளை எல்லோரும் அதில்தான் பில்ட் செய்வார்கள். சொந்தக் கணினியில் செய்து பார்க்கிற வழக்கமே அங்கே கிடையாது. ஒருமுறை உருவான மாட்யூலின் நகலைப் பெரியவர் தன் கிடங்கில் பத்திரப்படுத்திக்கொண்டு, அடுத்த முறை அதையே எடுத்துக் கொடுப்பார். கிடங்கைக் காலி செய்தால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க அரை நாள் ஆகும் என்று அதில் யாரும் கை வைத்ததில்லை. நேற்று அவருடைய டிஸ்க் போய்விட்டது. புதுக் கணினியோ ஐந்தாவது நொடியிலேயே, 'அளவை' என்ற மாட்யூல் எங்கும் இல்லை என்று கையை விரித்தது.

முதலில் நெட்வொர்க்கைத் திட்டினாள். பிறகு பட்டியலைப் பார்த்தால், நாற்பத்திரண்டில் 'அளவை' இல்லவே இல்லை.

"எந்தப் புண்ணியவான் இதைத் தூக்கினான்னு பாருங்க" என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி.

மென்பொருளைச் சோதித்துப் பிழை பிடிக்கிற டெஸ்டருக்கு அங்கே கழுகு என்று பெயர். அவர் பழைய மாற்றங்களின் குறிப்பைத் திறந்தார், படித்தார், திரையை அவள் பக்கம் திருப்பினார். ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி. 'யாரும் பயன்படுத்தவில்லை, நீக்கிவிட்டேன்.' கீழே அவள் பெயர்தான்.

அவள் முகத்தில் அசடு வழிந்தது. சேர்ந்த புதிதில் நல்ல பெயர் வாங்கச் செய்த வேலை அது. நான்கு மாட்யூல்களில் தேடிப் பார்த்துவிட்டு யாருக்கும் வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தாள். அன்றைக்கு பில்ட் ஜம்மென்று ஓடியது, பாராட்டும் கிடைத்தது. அவள் வீசியெறிந்ததன் நகல் பெரியவரிடம் இருந்ததால்தான் ஓடியது என்பது யாருக்குத் தெரியும்?

பழைய கோப்புகளிலிருந்து 'அளவை'யை மீட்டு அதன் இடத்தில் வைத்தாள். எந்த மாட்யூல் எதை நம்பியிருக்கிறது என்று காட்டும் மரத்தைத் திரையில் ஓடவிட்டாள். 'அளவை'யை நேரடியாகக் கேட்டவை இரண்டுதான். அந்த இரண்டின் வழியாக, மீதி நாற்பதும். எந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாலும் அடியில் அதுவே நின்றது.

கோப்பைத் திறந்தாள். மொத்தம் முப்பத்தொரு வரி. பெட்டிக்குள் சூட்டை அறியும் உணரி அனுப்பும் எண்ணை வெப்பநிலையாக மாற்றிச் சொல்லும், வேறொன்றும் செய்யாது. ஐந்து வருடம், பதினெட்டுப் பெட்டி, நிமிடத்துக்கு நான்கு முறை. வேண்டாமென்று துரத்தப்பட்ட பிறகும் ஒரு மூலையில் கிடந்து இந்த வேலையை அது செய்திருக்கிறது. அதைத் தாண்டாமல் அந்த வங்கியிலிருந்து ஒரு சொட்டு ரத்தமும் யார் உடம்புக்கும் போனதில்லை.

பில்ட் கிளம்பியது. யாரையும் நம்பியிராதது முன்னால் போக வேண்டும் என்று கணினியே வரிசை போட்டுக்கொள்ளும். முதல் வரியில் 'அளவை' வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்ற எல்லாம், மொத்தம் நாற்பத்து மூன்று.

ஐந்தேகாலுக்கு அனுப்பிவிட்டு நாத்தனாரை அழைத்தாள். காலியாக இருக்கிற பெட்டியின் கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள். இருவரும் போனை வைக்காமல் காத்திருந்தார்கள். நான்கு நிமிடம் போயிருக்கும். போனுக்குள் மணி வீறிட்டது.

"அடிக்குது அண்ணி. நிறுத்திடட்டுமா?"

"வேண்டாம்மா. கொஞ்ச நேரம் அடிக்கட்டும்."