மார்வுட்டின் இடது இருக்கை

ரூபன் போய்ச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் எங்கள் மோட்டார் கிளப்பின் தலைவர் மேஜர் கோப்பிள்ஸ்டன் என் சமையலறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துக்கம் விசாரிக்க வந்தவர் போலத்தான் வைத்திருந்தார். கண் மட்டும் ஜன்னல் வழியாகக் கொட்டகைப் பக்கமே போய்ப் போய் வந்தது. அங்கேதான் என் கணவரின் மார்வுட் கார் நின்றது.

"திர்சா, கிளப்புல கூடம் தயாராயிடுச்சு," என்றார். "நாலு பக்கமும் கண்ணாடி. நடுவுல மார்வுட் மட்டும்தான். பலகைகூட எழுதக் குடுத்தாச்சு."

"பலகையில என்ன போட்டிருக்கீங்க?"

கேட்டதுதான் தாமதம், மனிதர் எழுந்து நின்று ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார். "1932-ல செஞ்ச வண்டி. அடுத்த வருஷமே ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்துல மூணாவது. அதுக்கடுத்து ப்ரைட்டன் கடலோர ஓட்டத்துல வெள்ளிக் கோப்பை. ஒரு பந்தயத்துல தலைகீழா உருண்டும், நிமித்தி வச்சதும் மறுபடி ஓடி முடிச்சுது. போர் முடிஞ்சதும் இங்க டெவனுக்கு வந்துச்சு. கட்தோர்ன் மேட்டுல இருபத்தஞ்சு வருஷமா ஒரு தடவைகூடத் தோக்காம ஏறின ஒரே வண்டி. ஓட்டியவர் ரூபன் யெல்லண்ட்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்க் காலத்தில் அந்த வண்டி ஒரு பண்ணையில் கோழிக் கூண்டாகக் கிடந்தது. இருக்கை முழுக்கக் கோழி எச்சம். கத்தியால் சுரண்டிச் சுரண்டி அதை எடுத்தவள் நான். சரி, அது பலகையில் வேண்டாம், போகட்டும். ஆனால் கட்தோர்ன் மேடு?

கட்தோர்ன் மேட்டில் கிளப் வருடா வருடம் நடத்தும் பந்தயத்தில் வேகத்துக்கு வேலையே இல்லை. பிப்ரவரிச் சேற்றில், வழுக்குப் பாறைமேல், நடுவில் நிற்காமல் உச்சிக்கு ஏற வேண்டும். ஒரு கணம் நின்றாலும் தோல்வி. பின்சக்கரம் சேற்றில் சும்மா சுழல ஆரம்பித்துவிட்டால் ஓட்டுகிற மகாராஜாவால் ஒன்றும் செய்ய முடியாது. இடது இருக்கையில் இருக்கும் ஆள்தான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிக் குதிக்க வேண்டும். உடம்புப் பாரம் தொம்மென்று பின்னால் இறங்கும். சக்கரம் மண்ணைக் கவ்வும். வண்டி ஏறும். ரூபனுக்காக அந்த இருக்கையில் குதித்தவள் நான். மழையில் குதித்தேன், பனியில் குதித்தேன், ஒரு வருடம் விலா எலும்பில் விரிசலோடு கட்டுப் போட்டுக்கொண்டு குதித்தேன். கோப்பையை வாங்கிக்கொண்டு அவர் விடுதியில் குடித்துக் கும்மாளம் போடுவார். வீடுவரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவது யார்? நான்தான். பந்தயத்தில் மட்டும் ஒரு நாளும் ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்ததில்லை.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒருமுறை கேட்டே விட்டேன். "உன் பாரம் இடது பக்கம்தான்டி வேணும். டெவன்லயே உன்னை மாதிரி குதிக்க ஆள் கிடையாது," என்று கன்னத்தைக் கிள்ளினார். நானும் அசடு மாதிரிப் பூரித்துப்போனேன். அவரை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது. அந்தக் கிள்ளலை நினைத்தால் ஆத்திரமாகவும் வருகிறது.

"வண்டியைத் தர்றேன், மேஜர்," என்றேன். "ஆனா இந்த வருஷப் பந்தயம் முடியட்டும். நான் ஓட்டப்போறேன்."

அவர் தேநீர்க் கோப்பையை டக்கென்று தட்டில் வைத்தார். "நீங்களா? தோத்துட்டா?"

"தோத்தா தோத்துட்டுப் போகுது."

"என்ன பேசுறீங்க? ஒரே ஒரு தடவை தோத்தாப் போதும், இருபத்தஞ்சு வருஷச் சாதனையும் காலி. பலகையில 'ஒரு தடவைகூட'ன்னு எப்படிப் போடறது? ரூபன் பேரை நீங்களே கெடுக்கலாமா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. எனக்கு வேணுங்கிறது ஒண்ணுதான். அந்த வண்டியோட கதையில என் பேரு வரணும். ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி."

"ரூபனோட மனைவின்னு ஒரு வரி சேர்த்துடலாம் வேணும்னா..."

"டீ ஆறுது, குடிங்க," என்றேன். அதற்குமேல் பேசியிருந்தால் கோப்பையை நானே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

இனி எனக்குக் குதிக்க ஓர் ஆள் வேண்டும். நேராக ரொட்டிக் கடைக்குப் போனேன். ரொட்டிக் கடைக்காரன் மனைவி டார்கஸ் பிம் என் சிநேகிதி. நாங்கள் இருவரும் ஒரே வருடத்தில் கல்யாணம் ஆனவர்கள். ஆள் நல்ல ஆகிருதி. மாவு மூட்டையை ஒரு கையால் தூக்கி வைப்பாள்.

"என்னையா?" என்று வாயைப் பிளந்தாள். "நான் உக்காந்தா அந்தக் கிழட்டு வண்டியோட ஸ்பிரிங் என்னடீ ஆகும்?"

"அதுக்குத்தானே உன்னைக் கூப்பிடறேன்."

"அடிப்பாவி, இது பாராட்டா, திட்டா?"

"ரெண்டும்தான். வர்றியா, மாட்டியா?"

டார்கஸ் கை மாவைத் தட்டிவிட்டு யோசித்தாள். "என் வீட்டுக்காரர் சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். வாயில ஒரு பன்னை வச்சு அடை."

அன்றிலிருந்து பந்தய நாள்வரை எங்கள் கொட்டகையில் டார்கஸ் குதித்துக்கொண்டிருந்தாள். எப்போது எம்ப வேண்டும், எப்போது பின்னால் சாய வேண்டும், கம்பியை எங்கே பிடித்தால் கை நழுவாது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். செய்தி விடுதிக்கு எட்டியதும் ஆம்பிளைகளுக்குத் திருவிழாதான். "டார்கஸை ஏத்தினா வண்டி மேடு ஏறாது, மேடுதான் கீழ இறங்கும்," என்றான் ஒருவன். இன்னொருவன் கொஞ்சம் மரியாதைக்காரன். தெருவில் என்னை நிறுத்தி, "ரூபன் ஆத்மா சாந்தியடையட்டும்னு விட்டுடுங்களேன், அக்கா," என்றான். "அவர் சாந்தியாத்தான் இருக்காரு, எனக்குத்தான் அது இல்ல," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பந்தய நாள் காலையில் மூடுபனியும் தூறலும். மேட்டின் இரு பக்கமும் வேலியோரம் ஊரே நின்றது. பிளாஸ்கில் தேநீர், கையில் கறி அடைத்த சூடான பேஸ்ட்டி, காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். எனக்கு முன்னால் போன மூன்று வண்டிகள் பாதியிலேயே நின்று, பின்னோக்கி உருண்டு இறங்கின. மேட்டின் உச்சியில் கையில் அட்டையோடு மேஜர் நின்றார். ஒவ்வொரு வண்டியும் ஏறியதா நின்றதா என்று அவர் அந்த அட்டையில் எழுதுவார். அவர் எழுதியதுதான் கிளப்பின் சரித்திரம்.

வலது இருக்கையில் உட்கார்ந்தேன். ரூபனின் கையுறையைத்தான் போட்டிருந்தேன், அது எனக்குப் பெரிது. கழற்றிப் பின்னால் எறிந்தேன்.

"ஏன்டீ, பயமா?" என்றாள் டார்கஸ்.

"ஆமாம்."

"எனக்கும்தான். போ."

கொடி இறங்கியது. கிளட்சை மெல்ல விட்டேன். மார்வுட் உறுமிக்கொண்டு கிளம்பியது. முதல் சரிவு சுலபம். பாறைப் படியில் முன்சக்கரம் தூக்கிப் போட்டது. ஸ்டியரிங் கையை உதறியது, நான் விடவில்லை. "ஏய், போகுது பாரு!" என்று யாரோ கத்தினார்கள். திருப்பத்தில் வண்டியின் பின்பக்கம் பள்ளத்துப் பக்கம் இழுத்தது. டார்கஸ் எம்பினாள், விழுந்தாள், மறுபடி எம்பினாள். சக்கரம் மண்ணைப் பிடித்தது. ஐயோ, என்ன சந்தோஷம்! இத்தனை வருடம் இந்தப் பக்கம் உட்கார்ந்து ரூபன் ஏன் கத்திக்கொண்டே ஏறினார் என்று அப்போதுதான் புரிந்தது. நானும் கத்தினேன். வயது ஐம்பத்தெட்டு என்பதே மறந்துபோனது.

கடைசி ஏற்றம். உச்சிக் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. மேஜரின் மீசைகூடத் தெரிந்தது. அங்கேதான் எப்போதும்போலச் சேறு குழம்பிக் கிடந்தது. பின்சக்கரம் சுழல ஆரம்பித்தது. அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அது காதில் விழுந்ததும் என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. எம்பிக் குதித்துவிட்டேன்.

ஓட்டுகிறவள் குதிக்கலாமா? குதித்தால் கால் எங்கே இருக்கும்? பெடலைவிட்டு அந்தரத்தில் போனது. எஞ்சின் ஒரு இருமல் இருமி அணைந்தது. மார்வுட் நின்றது.

தூறல் எஞ்சின்மேல் விழுந்து சுர்ரென்று ஆவியாகும் சத்தம் மட்டும் கேட்டது. டார்கஸ் நெற்றியில் ஒரு கை சேற்றோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மேஜர் வழுக்கி வழுக்கி இறங்கி வந்தார். ரூபனைப் புதைத்த அன்று இருந்த அதே முகம். வண்டிக் கதவில் கையை வைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும், திர்சா. மனசை விடாதீங்க. ஒரு வழி இருக்கு. இன்னிக்கு நீங்க பந்தயத்துல கலந்துக்கவே இல்ல. ரூபன் நினைவா சும்மா ஒரு சுத்து வந்தீங்க, அவ்வளவுதான். அட்டையில உங்க பேரே வராது. சாதனை பத்திரமா இருக்கும். இங்க யாரும் மூச்சு விட மாட்டாங்க."

பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். "ஆமாம், ரூபனுக்காக," என்றாள் ஒருத்தி. எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். பொய் சொல்ல மாட்டேன், ஒரு கணம் எனக்கும் சபலம் தட்டியது. ரூபன் தன் ஒரு தடவைகூடத் தோற்காத வண்டியைப் பற்றி விடுதியில் அளந்துகொண்டிருக்கும் முகம் கண் முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்த முகம் அப்படியே இருக்கும். நான் மட்டும் இங்கே வந்ததே இல்லை என்று ஆகிவிடும். எவ்வளவு சுலபமாகச் செய்துவிடுகிறார்கள்! அப்போது வந்தது பாருங்கள் எனக்குக் கோபம்.

"நான் என்ன உப்புக்குச் சப்பாணியா, மேஜர்?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஊரே பாக்க நட்டநடு மேட்டுல நிக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம்னு பாக்கறீங்களா? எழுதுங்க. தோத்துச்சுன்னு எழுதுங்க."

"திர்சா, கொஞ்சம் யோசிங்க. இது ரூபனோட..."

"ரூபனோடது ரூபனுக்கு. அது எங்கயும் போகாது. இது என்னோடது. ஏன் நின்னுச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? நான் குதிச்சுட்டேன்."

"என்னது?"

"குதிச்சுட்டேன். ஓட்டற சீட்டுல உக்காந்துக்கிட்டுக் குதிச்சேன். இருபத்தஞ்சு வருஷம் குதிச்ச உடம்பு, சக்கரம் சுத்தற சத்தம் கேட்டா சும்மா இருக்குமா? இந்த வண்டியை இந்த மேட்டுல ஏத்தினது எதுன்னு இப்பவாவது தெரியுதா? இடது சீட்டுல நான் இல்லாத முதல் வருஷம். நின்னுடுச்சு."

வேலிக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு மேடு முழுக்கச் சிரிப்பு. கேலிச் சிரிப்பு இல்லை அது. ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கி ஆட்டினார்.

டார்கஸுக்கு மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நான் இவ்வளவு நேரம் பண்ணினது என்னடீ, கும்மியா?"

"நீ நல்லாத்தான் குதிச்சே. நான்தான் உனக்குப் போட்டியாக் குதிச்சுட்டேன்."

மேஜர் பென்சிலை எடுத்தார். எழுதி முடிக்கும்வரை நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படிச்சுக் காட்டுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கட்தோர்ன் மேடு. மார்வுட். ஓட்டியவர், திர்சா யெல்லண்ட். தோல்வி."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தக் கடைசி வார்த்தை எனக்குத் துளிகூட உறுத்தவில்லை.

"கூட வந்தவ பேரு?"

"அதுக்கு அட்டையில கட்டமே கிடையாதே, திர்சா. என்னிக்குமே இருந்ததில்ல."

"தெரியும். எனக்குத் தெரியாதா? ஓரத்துல எழுதுங்க."

தூறல் வலுத்து மழையானது. கீழே அடுத்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். மேஜர் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, அட்டை நனையாமல் அதன்மேல் பிடித்துக்கொண்டு, ஓரத்து வெற்றிடத்தில் பென்சிலை வைத்தார். வழுக்கைத் தலையில் மழை வழிந்தது.

"குதித்தவர்..." என்று எழுதிவிட்டு இடது பக்கம் குனிந்தார். "முழுப் பேரைச் சொல்லும்மா."

டார்கஸ் முகத்துச் சேற்றை வழித்து எறிந்துவிட்டு, மேடு முழுக்கக் கேட்கும்படி தன் பெயரைச் சொன்னாள்.